இருந்திருந்தால் தெரிந்திருக்கும்

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிதிலையில் வாழ்ந்த உதயனர், கடவுள் உண்டு என்று நிறுவுவதற்காகவே நியாயகுசுமாஞ்சலியை எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு சார்வாகனை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறார். கண்ணால் காணப்படாதது இல்லை என்பது சார்வாகனின் கொள்கை. அப்படியானால், வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் மனைவியும் மக்களும் அவன் கண்ணில் படவில்லையே, அவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதுதானே என்று கேட்கிறார். அவன் அழுவதில்லை. மாலையானால் வீடு திரும்புகிறான். காணாமை வேறு, இல்லாமை வேறு என்பது அவனுக்கும் தெரிந்தே இருக்கிறது. நம் மணிமேகலையும் காட்சியை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியைப் பார்த்துச் சிரித்து, உன் தாய் தந்தையரை மட்டும் கருதி அறியாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டவள்தான்.

ஆயிரம் ஆண்டு கழித்தும் பேச்சு அதிகம் நகரவில்லை. கடவுளுக்கு ஆதாரம் இல்லை, ஆகவே கடவுள் இல்லை என்கிறது ஒரு தரப்பு. ஆதாரம் கிடைக்காதது மட்டுமே இல்லாமைக்கு ஆதாரம் ஆகிவிடாது என்று சொல்லிவிட்டு, அத்தோடு விவாதம் தீர்ந்ததாக எழுந்துபோகிறது மறுதரப்பு. இரண்டும் பொதுவிதிகளாகச் சொல்லப்படுகின்றன. பொதுவிதிகளாக இரண்டுமே பிழை. எந்த இல்லாமை எதைச் சொல்லும், எந்த நிலையில் சொல்லும் என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்குள் ஓர் அடிகூட வைக்க முடியாது. அதை நுணுகிப் பார்த்த பெரும் மரபு ஒன்று நம்மிடம் இருக்கிறது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, யாராலும் பொய்ப்பிக்க முடியாதபடி, சுற்றுவதாக ரஸ்ஸல் கற்பனை செய்த தேநீர்க் கெண்டியை இரு தரப்பாரும் மேடைக்கு எடுத்துவருகிறார்கள். குமாரிலரையும் தர்மகீர்த்தியையும் யாரும் எடுத்துவருவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

ஏழாம் நூற்றாண்டில் குமாரில பட்டர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சாதாரணமானது. தரையில் குடம் இல்லை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கண் காண்பது வெறும் தரையைத்தான். இல்லாமைக்கு நிறம் கிடையாது, வடிவம் கிடையாது. அது கண்ணில் வந்து படாது. ஆயினும் குடம் இல்லை என்பது ஐயமறத் தெரிகிறது. ஆகவே காணாமையும் ஓர் அளவை, அறியும் வழி, காட்சியோடும் கருதலோடும் சேர்த்து எண்ணத்தக்கது என்றார் அவர். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வரும் பத்து அளவைகளுள் அபாவம் என்ற இல்லாமையும் ஒன்று. அதே ஏழாம் நூற்றாண்டில் பௌத்தரான தர்மகீர்த்தி, இதற்குத் தனி அளவை தேவையில்லை, கருதலுக்குள்ளேயே அடங்கும் என்றார். வகைப்படுத்துவதில்தான் இருவருக்கும் சண்டை. நிபந்தனையில் சண்டை இல்லை: அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லத்தக்க பொருளாக அது இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் பழுதின்றி இருக்க வேண்டும், நடுவே மறைப்பு எதுவும் கூடாது. இத்தனையும் அமைந்து குடமும் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியாத குடத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

தர்மகீர்த்தியின் மரபில் குடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் வரும். அது பிசாசு. இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாதது என்று சொல்லப்படும் ஒன்று இந்த அறையில் தெரியவில்லை. அதை வைத்து அது இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உண்டு என்றும் சொல்ல முடியாது. அங்கே காணாமை தருவது ஐயம் ஒன்றையே. உதயனர் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். கடவுள் குடத்தைப் போலக் காணத்தக்க பொருள் அல்லர். ஆகவே காணாமை அவரைத் தொடாது என்கிறார். பௌத்தரை மறுப்பதற்கென்றே ஆத்மதத்துவவிவேகம் என்று தனிநூல் செய்தவர், கடவுளைக் காக்க வந்தபோது பௌத்தரும் ஒப்பிய நிபந்தனையின் மேல் நிற்கிறார்.

ஆனால் பிசாசுக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்புதான் இதில் கடவுளுக்கும் கிடைக்கிறது. மறுக்க முடியாது, அவ்வளவே. உதயனருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் நூல் மூன்றாம் பகுதியோடு நிற்கவில்லை. உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்று தொடங்கி, ஐந்தாம் பகுதியில் நிரூபணங்களை அடுக்குகிறார். காணப்படாத கடவுள் தம் காரியங்களின் வழியே கருதி அறியப்படுகிறார். எனக்குச் சொல்ல இருப்பது இங்கேதான் தொடங்குகிறது. காரியங்களைக் கொண்டு ஒருவரை அறியலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, எதிர்பார்த்த காரியம் நிகழாத இடங்களும் கணக்கில் வந்தாக வேண்டும். நிகழ்ந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு நிகழாததை எண்ணாமல் விட நமக்கு உரிமை இல்லை.

வானியலில் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். யுரேனஸ், கணக்கிட்ட பாதையிலிருந்து விலகி ஓடியது. அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்றார் பிரான்சின் லெ வெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூன் இருந்தது. அதற்கு முன்பு அது யார் கண்ணிலும் படவில்லை என்றும் சொல்ல முடியாது. 1612ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் கலிலியோ வியாழனைப் பார்த்து வரைந்த படத்தில் அது ஒரு விண்மீனாகப் பதிவாகியிருக்கிறது. 1795 மே மாதம் பாரிஸில் லலாந்தின் விண்மீன் பட்டியலுக்காக இரண்டு இரவுகளில் அதன் இடத்தைக் குறித்திருக்கிறார்கள். இரண்டு குறிப்புகளும் பொருந்தவில்லை. கோள் நகர்ந்ததால் பொருந்தவில்லை. அவர்களோ குறித்ததில் பிழை என்று எண்ணிவிட்டார்கள். ஆதாரம் கையில் இருந்தும் அது ஆதாரம் என்று தெரியாமல் போகலாம். கடவுளுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டு பாரிஸ் இரவுகளை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

லெ வெரியேயின் கதை இத்துடன் முடிந்திருந்தால் ஆத்திகருக்குச் சாதகமாக இருந்திருக்கும். 1859இல் அவர் புதனின் பாதையிலும் விளக்க முடியாத ஒரு விலகலைக் கண்டார். நெப்டியூனைத் தந்த அதே முறையில், புதனுக்கும் சூரியனுக்கும் இடையே ஏதோ இருக்க வேண்டும் என்றார். லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரியனின் முகத்தைக் கடந்துபோன ஒரு கரும்புள்ளியைத் தாம் பார்த்ததாகக் கடிதம் எழுதினார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அதன் பிறகு முழுச் சூரிய கிரகணம் வரும்போதெல்லாம் தேடினார்கள். 1878இல் அமெரிக்காவில் இருவர் கண்டதாக அறிவித்தது உறுதிப்படவில்லை. 1901, 1905, 1908 கிரகணங்களின்போது லிக் வான்நோக்ககத்தினர் சூரியனைச் சூழ்ந்த வானத்தையே ஒளிப்படத் தட்டுகளில் பிடித்தார்கள். எவ்வளவு மங்கலான பொருள்வரை அந்தத் தட்டுகளில் பதியும் என்பது அவர்களுக்குத் தெரியும். புதனை அந்த அளவு அசைக்கும் பருமன் கொண்ட எதுவும் அங்கே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி என்ற அந்த விலகலைக் கோள் எதையும் துணைக்கழைக்காமல் விளக்கினார். ஆனால் வல்கன் இல்லை என்ற முடிவை முதலில் நெருங்கியது வெறும் தட்டுகள்தாம். இருந்திருந்தால் பதிந்திருக்கும்.

கடவுளை இப்படித் தேடக்கூடிய தட்டு எது என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தர்மகீர்த்தியின் நியாயபிந்துவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. காணாமையை அவர் பதினொரு வகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் ஒன்று காரியத்தைக் காணாமை. புகை இல்லை என்பதால் நெருப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது; கனிந்த தணலில் நெருப்பு உண்டு, புகை இராது. ஆகவே அவர் சொல்வது இதுதான்: புகை இல்லையென்றால், புகையை எழுப்பும் ஆற்றல் தடைபடாத நெருப்பு அங்கே இல்லை. ஆற்றல் தடைபடாத என்ற அந்தச் சின்ன அடைமொழியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கடவுளைப் பற்றிய இந்த வழக்கு முழுவதும் அதற்குள் சுருங்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்துக்கு எல்லை உண்டு, கோபம் உண்டு, அதைக் கட்டிப்போடும் மந்திரவாதியும் உண்டு. அழைத்தும் வரவில்லை என்றால் ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்தத் தெய்வத்துக்கு எதிராகக் காணாமை பெரிதாக எதையும் சொல்லாது. எல்லாம் வல்லவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அவருடைய ஆற்றலுக்குத் தடை என்ற ஒன்று வரையறையிலேயே இல்லை. எட்டவில்லை, இயலவில்லை, கேட்கவில்லை என்ற சமாதானங்கள் எவையும் அவருக்குப் பொருந்தா. மிச்சமிருப்பது ஒன்றுதான்: அவர் விரும்பவில்லை. ஆதாரம் பற்றித் தொடங்கிய கேள்வி, கடவுளின் விருப்பம் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. கடவுள் எவ்வளவு பெரியவர் என்று சொல்கிறோமோ அந்த அளவுக்கு அவருடைய மௌனம் கனக்கிறது.

விருப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு நேர்மைக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் அடையாளம் தென்பட்டால் என் நம்பிக்கை கூடும் என்று நான் சொன்னால், அது தென்படாதபோது என் நம்பிக்கை குறைந்தாக வேண்டும். எவ்வளவு குறையும் என்பது நான் எவ்வளவு உறுதியாக எதிர்பார்த்தேன் என்பதைப் பொறுத்தது; கடுகளவாகவும் இருக்கலாம். ஆனால் குறையவே குறையாது என்பது கணிதத்துக்கு ஒவ்வாது. இந்தக் கணக்கு முறைக்குத் தன் பெயரைத் தந்துவிட்டுப்போன தாமஸ் பேயஸ் ஒரு கிறித்தவப் போதகர்.

2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. தமக்காகப் பிறர் ஜெபித்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், யாரும் ஜெபிக்காதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. இந்த இரு பிரிவினருக்கும் தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது தெரியாது. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் அது 59 சதவீதம். கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அப்போது பலர் சொன்னார்கள். அது ஆழமான பதில்தான். விவிலியத்திலேயே வேர் உள்ள பதில். ஆனால் எண்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தால் அதே பதிலைச் சொல்லி அந்த ஆய்வை ஒதுக்கியிருப்பார்களா? ஒதுக்கியிருப்பேன் என்று சொல்லக்கூடிய நம்பிக்கையாளர் ஒருவர் இருந்தால் அவரை நான் வணங்குவேன்.

எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் ஊர் நிறைய யாத்திரிகர்கள். கடல் ஏறி வந்தது. மணலில் நின்றவர்களையும் கடற்கரைக் கடைகளில் இருந்தவர்களையும் நூற்றுக்கணக்கில் கொண்டுபோனது. பேராலயத்துக்குள் நீர் நுழையவில்லை. உள்ளே திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று அவர்கள் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலையில் உயிரோடு வெளியே வந்த ஒருவர் அப்படிச் சொல்வதில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனால் அதை ஆதாரம் என்று எடுத்துவைக்கும்போது, மணலில் நின்றவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தாம் என்பதையும் சேர்த்து வைக்க வேண்டும். அவர்களும் மொட்டை போட்டிருந்தார்கள், மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்த வந்திருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நுழையாத நீர் சாட்சி என்றால் நுழைந்த நீரும் சாட்சி. இரண்டும் சாட்சி இல்லை என்று சொல்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

இனி விருப்பம். திருத்துறையூர் அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதத் தொடங்கும்போது முதலில் அளவைகளைத்தான் பேசுகிறார். கருதலுக்கு உதவும் ஏதுக்கள் மூன்று என்கிறார்: இயல்பு, காரியம், அநுபலத்தி என்ற காணாமை. தர்மகீர்த்தியின் அதே மூன்று. அநுபலத்திக்கு அவர் தரும் உதாரணம், குளிர் இல்லாமை பனி இல்லாமையைக் காட்டும் என்பது. மார்கழி விடியலில் எழுந்து நடந்தவர் யாருக்கும் விளக்கவே வேண்டாத உதாரணம். இதில் என்னை அசைப்பது அதன் எளிமையைவிட அது நிற்கும் இடம். சிவனை நிலைநாட்ட வந்த நூலின் தலைவாயிலில், இல்லாததும் சாட்சி சொல்லும் என்பதை அவர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். தன் கடவுளுக்கு எதிராகத் திரும்பக்கூடிய ஓர் ஆயுதத்தைப் பகைவனின் வீட்டிலிருந்து எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, அச்சமில்லாமல் மேலே பேசுகிறார். இன்று சமயம் பேசுகிறவர்களிடம் நான் தேடியும் காணாதது இந்தத் துணிவைத்தான்.

அந்த ஆயுதத்துக்குச் சைவ சித்தாந்தத்தின் பதில் ஐந்தொழிலில் இருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதை உலகச் சமயங்கள் பலவும் ஒரு சங்கடமாகவே பார்த்தன. சித்தாந்தம் அதைக் கடவுளின் தொழில்களில் ஒன்றாக வைத்தது. ஆணவ மலம் பக்குவப்படும்வரை அவர் தம்மை மறைத்தே நிற்பார். பக்குவம் வந்தபோது வெளிப்படுவார். மறைப்பதும் அருளின் ஒரு முகம். நாத்திகரின் கேள்விக்கு அவசரமாகத் தைத்த ஒட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. உயிர் ஏன் உலகில் உழல்கிறது, ஏன் ஒரே நாளில் விடுதலை கிடைப்பதில்லை என்ற கேள்விகளிலிருந்து பிறந்த பதில் இது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும் பதிலும்கூட.

ஆயினும் இதற்குப் பிறகு காணாமை எதையுமே சொல்ல முடியாமல் போய்விடுகிறது. கடவுள் தெரிந்தால் அருளல், தெரியாவிட்டால் மறைத்தல். 1950இல் தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூ ஒரு கதையை வைத்து இந்த இடத்தைத் தொட்டார். காட்டின் நடுவே ஒரு வெளி. அதில் பூக்களும் களைகளும் மண்டியிருக்கின்றன. தோட்டக்காரர் ஒருவர் வந்துபோகிறார் என்கிறான் ஒருவன். காவல் இருந்தும் காணவில்லை. வேலி போட்டும் மோப்ப நாயை விட்டும் எதுவும் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாதவர், தொட முடியாதவர், ஓசையற்றவர் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். அப்படியொரு தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லாததற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறான் மற்றவன். சித்தாந்தியிடம் நான் கேட்க விரும்புவதும் அதைத்தான், மரியாதையோடு கேட்கிறேன். குளிரே இல்லாமல் பனி பெய்யலாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டால், அருணந்தியார் தந்த ஏது தன் வேலையை இழந்துவிடுகிறது. மறைந்திருக்கும் கடவுளை யாரும் பொய்ப்பிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர், பிறகு என் காய்ச்சல் தீர்ந்தது பார் என்று அவரை நிரூபிக்க வரக்கூடாது.

இந்தக் கேள்வி நூல்களுக்குள் இருக்கும்வரை நமக்கு வலிப்பதில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது அது ஒரு மனித உயிரின் கேள்வியாக என் முன் வந்து நின்றது. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜீலிங் போகும் ரயிலில் ஏழைகளிடம் போ என்ற அழைப்பைக் கேட்டதாக அவர் சொன்னார். அடுத்த சில மாதங்கள் இயேசுவின் குரல் அவருக்குள் தெளிவாகக் கேட்டது. 1948இல் கல்கத்தாவின் சேரிகளுக்குப் போனார். 1950இல் அவர் தொடங்கிய சபை அங்கீகாரம் பெற்றது. வேலை தொடங்கிய அந்த நாட்களிலேயே குரல் நின்றுவிட்டது. பிறகு 1997இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள், சில வாரங்கள் நீங்கலாக, அவருக்குக் கடவுள் இருக்கும் உணர்வே இல்லை. ஜெபத்தில் வெறுமை, உள்ளே இருள், தாம் எதை நோக்கிப் பேசுகிறோம் என்றே தெரியாத நிலை. தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு மட்டும் எழுதினார்; கடிதங்களை அழித்துவிடுமாறும் கேட்டுக்கொண்டார். வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்.

அதில் ஓர் இடம் என்னை விடுவதில்லை. 1958 அக்டோபரில் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததையொட்டி நடந்த திருப்பலியில், தம் சபை கடவுளுக்கு உகந்ததுதான் என்பதற்கு ஓர் அத்தாட்சி தரும்படி அவர் வேண்டினார். அந்தக் கணமே இருள் விலகியது என்று பேராயருக்கு எழுதினார். சில வாரங்களில் இருள் திரும்பிவிட்டது. அவரும் ஆதாரம் கேட்டவர்தான். கிடைத்தபோது அதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டவர்தான். அப்படியானால் மீதியுள்ள ஆண்டுகளின் இருளும் ஏதோ சொல்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? 1961 வாக்கில் நொய்னர் என்ற இயேசு சபைக் குரு, அந்த இருள் சிலுவையில் இயேசு பட்ட கைவிடப்பட்ட உணர்வில் பங்குபெறுவது என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். இருளையே நேசிக்கக் கற்றுக்கொண்டதாக அவர் எழுதினார். சித்தாந்தத்தின் மறைத்தலுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108ஆவது பிரிவு ஒன்று இருந்தது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள் 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர் மேல் விழும். குமாரிலரின் நிபந்தனையைச் சட்டம் எழுதியவர்கள் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்: யார் கேள்விப்படவில்லை என்பது முக்கியம். ஊரில் யாருக்கோ செய்தி இல்லை என்பது ஒன்றுமில்லை. தாய்க்கும் மனைவிக்கும் செய்தி இல்லை என்பது பெரிது. கடவுளிடமிருந்து இயல்பாகச் செய்தி வந்திருக்கக் கூடிய ஒருவர் நம் காலத்தில் உண்டென்றால், அது தெருவோரத்தில் கிடந்தவர்களை அவர் பெயரால் தூக்கிச் சுமந்த அந்தப் பெண்மணியாகத்தான் இருக்க வேண்டும். அவருக்குச் செய்தி வரவில்லை. இதை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். அன்புமிக்க, எல்லாம் வல்ல, அழைத்தால் பதில் சொல்லும் ஒருவர் உண்டு என்பதற்கு எதிரான சாட்சி.

அவர் நம்பிக்கையை விடாதது அறிவுக்கு ஒவ்வாத செயல் என்றும் நான் சொல்ல மாட்டேன். சார்வாகன் தெருவில் நின்று அழாததற்குக் காரணம் உண்டு: வீட்டுக்குள் மனைவியை அவன் ஏற்கனவே பார்த்திருக்கிறான். தெரசா தாம் கேட்டதாக நம்பிய குரல் ஒன்று இருந்தது. அந்த நினைவு ஒரு தட்டில், 50 ஆண்டு மௌனம் மறுதட்டில். எந்தத் தட்டு தாழும் என்பதை அவர்தாம் சொல்ல முடியும். வெளியே நிற்கும் நான் சொல்ல முடியாது.

ஆனால் ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் தத்துவ அறிஞர் ஜே. எல். ஷெல்லன்பர்க் 1993இல் எழுதிய நூல் அவர்களைப் பற்றியது. கடவுளை வெறுக்காதவர்கள், எதிர்த்து நிற்காதவர்கள், வந்தால் ஏற்கத் தயாராக இருந்து தேடியவர்கள். அன்பே உருவான கடவுள் இருந்தால் இப்படிப்பட்டவர் ஒருவர்கூட அறியாமையில் விடப்பட்டிருக்க மாட்டார் என்பது அவர் வாதம். கடவுளின் மறைவைப் பற்றிய வாதங்களில் இதைவிட வலுவானதை நான் படித்ததில்லை. தணலுக்குப் புகையில்லை என்ற விலக்கு இதில் செல்லாது. ஆற்றலுக்கும் தடையில்லை, அன்புக்கும் தடையில்லை என்று சொன்னது நம்பிக்கையாளர்தாம். அறியப்பட வேண்டும் என்ற விருப்பமே இல்லாத கடவுளை, குணமற்ற பிரம்மத்தையோ உலகின் ஆதாரமாக நிற்கும் பெயரில்லாத ஒன்றையோ, இந்த வாதம் தொடாது. அதை யாரும் நள்ளிரவில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று கூப்பிடுவதுமில்லை.

நம் ஊர்களில் இவர்களைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள், நோன்பு இருந்தவர்கள், முழங்காலில் நின்றவர்கள். ஏதோ ஒரு வயதில், எந்தச் சண்டையும் இல்லாமல், அங்கே யாரும் இல்லை போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, உன் தேடல் போதாது. அந்தக் காணாமையை அவர்கள் சோம்பலில் பொறுக்கி எடுத்து வரவில்லை. ஆண்டுக்கணக்கில், தம் உடலையும் உறக்கத்தையும் செலவழித்துச் சேர்த்த அவதானம் அது. தேடல் போதாது என்று அவர்களிடம் சொல்கிறவர், எவ்வளவு தேடினால் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வளவும் தேடிய ஒருவர் ஒன்றும் காணாமல் திரும்பி வந்தால் தாம் என்ன ஒப்புக்கொள்வார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.